பள்ளிக்கூட சேப்ளின் வேலைக்குப் புதியவன்: தினமும் ஜெபம் கேட்டு வரும் பையனிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: சேகரத்திலிருந்து வந்தவன்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவி பெறும் மிஷன் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இந்த ஜூனிலிருந்து சேப்ளினாக, அதாவது பள்ளிக்கூடப் போதகராக, இருக்கிறேன். இதற்கு முன்னால் கிராமச் சேகரத்தில், அதாவது சில ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், போதகராக இருந்தேன். அங்கே ஞாயிறு ஆராதனை, வீடு சந்திப்பு, கல்யாணம், அடக்க ஆராதனை, அசனப் பண்டிகை, கமிட்டிக் கூட்டம் என்று என் வேலை எது என்பதில் சந்தேகமே வந்ததில்லை. இங்கேயும் எழுதிக் கொடுத்த வேலைகள் இருக்கின்றன. காலை அசெம்பிளி, ஸ்கிரிப்சர் (வேதாகம) வகுப்பு, ஹாஸ்டலில் மாலை ஜெபம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோவிலுக்குக் கூட்டிப்போவது. அதெல்லாம் நடக்கிறது. நான் கேட்க வந்தது அந்தப் பட்டியலில் இல்லாததைப் பற்றி.

ஹாஸ்டலில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். இரவு ஸ்டடி நடக்கும்போது வார்டனிடம் கேட்டுக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்து நிற்பான். "ஐயா, தலை வலிக்குது, ஜெபம் பண்ணுங்க" என்பான். தலையில் கை வைத்து ஜெபிப்பேன். ஆமென் சொல்லிவிட்டுப் போய்விடுவான். மறுநாளும் அதே நேரம், அதே வார்த்தை. "வேற ஏதாவது கஷ்டமாடா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை ஐயா" என்கிறான். வார்டன், "படிக்கிறதுக்குச் சோம்பல்பட்டு நடிக்கிறான், இடம் கொடுக்காதீங்க ஐயா" என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. நடிக்கிற பிள்ளை இவ்வளவு நாள் ஒரே நோயைச் சொல்லிக்கொண்டு வருமா?

இன்னும் இரண்டு விஷயம். பள்ளியில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள், கொஞ்சம் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நான் யார்? அப்புறம், ஒரு பிள்ளை "யார்கிட்டயும் சொல்லாதீங்க ஐயா" என்று தொடங்கினால் நான் என்ன வாக்குக் கொடுக்கலாம்? இறையியல் கல்லூரியில் ஆலோசனைப் பணி படித்தோம். ஆனால் அது பெரும்பாலும் பெரியவர்களை மனதில் வைத்துச் சொல்லித் தந்தது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற சேப்ளின், பாளை

தம்பி, ஸ்தோத்திரம். நல்ல இடத்தில் நின்று கேட்கிறீர்கள். பையன் நடிக்கவில்லை என்ற உங்கள் எண்ணத்தை விட்டுவிடாதீர்கள்.

தலைவலி என்று வந்தவனை முதலில் தலைவலிக்காரனாகவே நடத்துங்கள். நாம் போதகர்கள், உடனே உள்ளத்தைத் தேடிப் போய்விடுகிறோம். காலையில் வலிக்கிறதா, சாயங்காலமா? வகுப்பில் தொடங்குகிறதா, விளையாடும்போது இருக்கிறதா? மத்தியானம் சாப்பிட்டானா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? எந்த பெஞ்சில் உட்காருகிறான்? இதையெல்லாம் கேளுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். பள்ளிக்கூடத்தில் பணிசெய்கிற எவரும் 1 இராஜாக்கள் 19-ஐ இந்த வரிசையிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஜெபத்தைப் பேச்சுக்கு முன்னால் வைக்காதீர்கள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆமென் என்றால் என்ன என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழக்கம்: கலைந்து போகலாம் என்று அர்த்தம். அசெம்பிளியில் ஆமென், வரிசையாக வகுப்புக்குப் போ. மெஸ்ஸில் ஆமென், சாப்பிடு. இரவில் ஆமென், விளக்கை அணை. அவன் வந்த முதல் நிமிஷத்திலேயே நீங்கள் ஜெபித்து முடித்தால் "சரி, நீ போகலாம்" என்று அவனிடம் சொன்னதாக ஆகிவிடுகிறது. அவனும் கீழ்ப்படிந்து போகிறான். மனதில் இருந்தது அப்படியே இருக்கிறது, அதனால் மறுநாளும் வருகிறான்.

அவனை உட்கார வையுங்கள். எதிரே உட்கார்த்தி முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பதினான்கு வயதுப் பையன் "ஒண்ணும் இல்லை" என்றுதான் சொல்வான். கையில் வேலை கொடுங்கள். என் அறையில் அட்டை கிழிந்த பாமாலை (கோவில் பாட்டு) புத்தகங்கள் எப்போதும் ஒரு அடுக்கு இருக்கும். பிரவுன் ஷீட், பசை, கத்தரிக்கோல். வருகிற பையனிடம் "இதுக்கு அட்டை போட்டுத் தாடே" என்பேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுக்குப் போடுவேன். பசை காய்கிற வரை புத்தகத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் இல்லையா, அந்த நேரத்தில்தான் பேச்சு வரும். கண் புத்தகத்தில் இருக்கும், வாய் தன்பாட்டுக்குப் பேசும். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

எல்லாம் பேசி முடிந்த பிறகு "சரி, ஜெபிக்கலாமா? என்னென்னத்துக்குன்னு நீ சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். முதலில் பரீட்சை வரும். அப்புறம் வாலிபால் மேட்ச், தங்கச்சிக்குக் காய்ச்சல். நீங்கள் அவசரப்படாமல் "இன்னும் ஏதாவது?" என்று கேட்டுக் காத்திருந்தால் கடைசியில் ஒன்று வரும். ஒரு பையன் அப்படித்தான் கடைசியாக "அப்பா ராத்திரி அம்மாவை அடிக்காம இருக்கணும்" என்றான். அவன் வந்ததே அதற்காகத்தான். அந்தக் கடைசி விண்ணப்பத்தை ஜெபத்தில் முதலில் வையுங்கள். அவன் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள், நீட்ட வேண்டாம்.

எங்கே இருப்பது என்பதும் முக்கியம். எச்.எம். அறைக்குப் பக்கத்தில் சேப்ளினுக்கு மேஜை போட்டிருப்பார்கள். அங்கே ஒரு பிள்ளையும் வராது. வந்தால் யார் வந்தது என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியும். மெஸ் வரிசையில் தட்டோடு நில்லுங்கள். பெற்றோர் பார்க்க வருகிற ஞாயிறு மத்தியானம் வீட்டில் தூங்காதீர்கள். அந்த நேரத்தில் ஹாஸ்டல் வராந்தாவில் சில பிள்ளைகள் கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். மற்றவன் அம்மா கொண்டுவந்த முறுக்கு டப்பா திறக்கிற சத்தம் அவர்களுக்குக் கேட்கும். சேப்ளின் அங்கே இருக்க வேண்டும். ஒரு கேரம் போர்டு போதும்.

மற்ற மதத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் கல்வி நிலையத்தில் யாரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்க முடியாது. சிறுபிள்ளை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஸ்கிரிப்சர், மற்றவர்களுக்கு மாரல் வகுப்பு என்று நம் பள்ளிகளில் பிரித்து வைத்திருப்பதை ஒழுங்காக நடத்துங்கள். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்: ஒரு பிள்ளை அழுதுகொண்டு வருகிற நேரத்தை நம் மதத்துக்கு ஆள் சேர்க்கும் நேரமாக ஆக்கக்கூடாது. அந்தப் பிள்ளை உங்களை நம்பித்தான் வந்திருக்கிறது. "எனக்கும் ஜெபம் பண்ணுங்க ஐயா" என்று தானே கேட்டால் எளிய வார்த்தைகளில் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் பேசுங்கள், கூட இருங்கள், அது போதும்.

ரமலான் மாதத்தில் நோன்பு வைக்கிற பையன்களுக்கு சஹர் சாப்பாடு (விடியும் முன் சாப்பிடுவது) எடுத்து வைக்க மெஸ் அண்ணாச்சியிடம் சொல்லிவைப்பது சேப்ளின் வேலை. பாட்டி இறந்த பையனுக்குப் பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு மறுத்தால் எச்.எம்.மிடம் போய் நிற்பதும் சேப்ளின் வேலை. ஒரு கிறிஸ்தவப் போதகனாக நான் விசுவாசிப்பதை அந்தப் பிள்ளைகள் என்னிடம் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்.

ரகசியம் பற்றி இங்கே இருக்கிற பள்ளி ஆலோசகர் அம்மா சொல்லட்டும். அது அவர்கள் துறை.

பதில்: பள்ளி ஆலோசகர், மதுரை

ஐயா சொன்னதில் பெரும்பகுதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இரவில், சேப்ளினுடைய அறையில், தனியாக ஒரு பிள்ளை: இது வேண்டாம். அட்டை போடுகிற வேலையை வராந்தாவுக்கு மாற்றுங்கள். நாலு பேர் கண்ணில் படுகிற, ஆனால் பேச்சு காதில் விழாத இடம் பாருங்கள். பெண் பிள்ளை பேச வந்தால் ஓர் ஆசிரியை பார்வையில் இருக்கட்டும். தலையில் கை வைக்கும் முன் "கை வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு இடம் கொடுப்பதே பெரிய பாடம். இது உங்கள் மேல் சந்தேகம் இல்லை. எந்தப் பெரியவரிடமும் தனக்கு ஓர் எல்லை உண்டு என்று பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

இப்போது அந்த வாக்கு. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்களால் காப்பாற்ற முடியாது. போக்சோ சட்டம், 2012, பிரிவு 19-இன்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவரோ, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரோ, யாராக இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். போதகர் என்று விலக்கு இல்லை. தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளிக்குக் கெட்ட பேர், உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்று யாராவது வந்தால் இந்தப் பிரிவுகளைக் காட்டுங்கள். தாளாளரானாலும் காட்டுங்கள்.

நான் பிள்ளைகளிடம் சொல்வது இப்படி: "நீ சொல்றதை நான் ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லியே ஆகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்." இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போன பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். பொய் வாக்கால் ஏமாந்த பிள்ளை திரும்பி வராது.

அப்படி ஏதாவது சொன்னால் நீங்கள் விசாரணை நடத்த வேண்டாம். என்ன, எப்போது, எங்கே என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். எச்.எம். முன்னால் ஒரு தடவை, வார்டன் முன்னால் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, அதன் மொழியிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். பள்ளிக்கல்வித் துறையின் 14417-உம் இருக்கிறது. இரண்டையும் ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத பிள்ளையும் இருக்குமே, அதற்காக.

"செத்துடலாம்னு இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னாலோ, சொல்வது போலத் தோன்றினாலோ, நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறியா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி இல்லை. கேட்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். அது பாவம் என்று அப்போது சொல்லாதீர்கள், தயவுசெய்து. அந்தப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும். நீங்கள் அதைச் சொன்ன நொடியில் வாய் மூடிக்கொள்ளும். தனியாக விடாதீர்கள், வீட்டுக்குத் தெரிவியுங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மே மாதம் ரிசல்ட் வரும் நாட்களை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 2017-இலிருந்து நம் மாநிலத்தில் ரேங்க் பட்டியல் வெளியிடுவது நின்றுவிட்டது, நல்லது. ஆனால் தெருவில் அந்தப் பேச்சு நிற்கவில்லை. யாருக்குப் பயம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். முந்தின நாளே அந்தப் பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள். துணைத் தேர்வு சீக்கிரமே வரும், எழுதினால் அதே ஆண்டு மேலே படிக்கலாம் என்பதைப் பிள்ளைக்கு மட்டும் இல்லை, அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக் கண் பார்த்தீர்களா? சாயங்காலத்தில் வரும் தலைவலிக்கு நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிற அரசுத் திட்டம் இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பதில்: பிரிஸ்பேன் அக்கா

தம்பி, நான் நாகர்கோவில்காரி. இங்கே ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் சேப்ளின். பிள்ளைகள் "சாப்பி" என்று கூப்பிடுவார்கள். எங்கள் நிலைமை உங்களுடையதற்கு நேர் எதிர்: அரசுப் பள்ளி, மத்திய அரசுப் பணம், மதம் பரப்பத் தடை.

2007-இல் ஜான் ஹோவர்ட் பிரதமராக இருந்தபோது, பள்ளிகளில் சேப்ளின் வைக்க மத்திய அரசு பணம் கொடுக்கும் இந்தத் திட்டம் வந்தது. டூவூம்பாவில் ஒரு தகப்பனார் இதை எதிர்த்து இந்த நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹை கோர்ட் வரை போனார். 2012-லும் 2014-லும் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு நேரடியாக இதற்குப் பணம் கொடுக்க முடியாது என்பதுதான் விஷயம், அதனால் பிறகு மாநிலங்கள் வழியாகப் பணம் வருகிறது. 2023-இலிருந்து பள்ளிகள் சேப்ளினுக்குப் பதிலாக மதச் சார்பில்லாத மாணவர் நல அலுவலரையும் வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு வர இளைஞர் பணியிலோ சேப்ளின் பணியிலோ 'சர்டிபிகேட் IV' என்ற நிலைப் படிப்பு அல்லது அதற்கு இணையானது வேண்டும். அதில் மனநலம் பற்றிய பாடமும், பிள்ளையை உரியவர்களிடம் அனுப்புவது பற்றிய பாடமும் கட்டாயம். பிள்ளைகளோடு வேலை செய்ய புளூ கார்டு என்ற அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வாயால் இயேசு என்று சொல்ல இங்கே இடம் குறைவு. ஆரம்பத்தில் எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. இப்போது இல்லை. காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளுக்கு டோஸ்ட் போடுகிறோம். அந்த வரிசையில் நிற்கும் ஏழு வயதுக் குழந்தை வெண்ணெய் தடவிக்கொண்டே, நேற்று ராத்திரி வீட்டுக்கு போலீஸ் வந்ததைச் சொல்லும். பாளை ஐயா சொன்ன பாமாலை அட்டை மாதிரிதான் இதுவும். காரை நிறுத்திவிட்டு உள்ளே போகும் முன் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் இறங்குவேன். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உங்களுக்கு ஜெபிக்க உரிமை இருக்கிறது, தம்பி. எங்களிடம் கட்டாயமாக இருக்கிற பயிற்சி உங்களுக்குக் கட்டாயம் இல்லை. அதனால் நீங்களே தேடிப் போய்ப் படியுங்கள். வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

பதில்: பழைய ஹாஸ்டல் பையன்

நான் இந்து. கோவில்பட்டிப் பக்கம் கிராமம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை மிஷன் ஹாஸ்டலில் படித்தேன். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துபோனார். ஊரிலிருந்து ஹாஸ்டலுக்குப் போன் வந்திருக்கிறது. பொதுவாக இப்படி நேரத்தில் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வா" என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். என் கூடப் படித்த ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது. வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

எங்கள் சேப்ளின் ஐயா என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டு, மரத்தடியில் உட்கார வைத்து, "அப்பா இறந்துட்டாருடே. இன்னைக்குக் காலையில. நான் உன்கூட வர்றேன்" என்றார். அவ்வளவுதான். சுற்றி வளைக்கவில்லை. நான் அழுது முடிக்கிற வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் என்னை உட்கார வைத்து வந்தார். கயத்தாறில் பஸ் நின்றபோது டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, "சாப்பிடு, வீட்டுக்குப் போனா இன்னைக்கு யாரும் உன்னைச் சாப்பிடச் சொல்ல மாட்டாங்க" என்றார். அது உண்மையாகவே இருந்தது. தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அம்மாவிடம் போக முடிந்தது.

கொள்ளி வைக்கும் வரை அவர் ஆண்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் சாமியைப் பற்றியும் பேசவில்லை, அவர் சாமியைப் பற்றியும் பேசவில்லை. நான் மொட்டைத் தலையோடு ஹாஸ்டலுக்குத் திரும்பிய அன்று ஒருவன்கூடக் கேலி செய்யவில்லை. ஐயா முன்கூட்டியே வகுப்பில் சொல்லி வைத்திருந்தார் என்று பிறகு ஒருவன் சொன்னான்.

நான் மதம் மாறவில்லை. இப்போதும் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறேன். ஆனால் என் பிள்ளைகளுக்கு நல்ல மனிதர் என்றால் எப்படி இருப்பார் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஐயாவைப் பற்றித்தான் சொல்கிறேன். நீங்கள் எங்களுக்கு யார் என்று கேட்டீர்களே ஐயா. எனக்கு அன்று உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கேட்டவரின் பதில்: சேகரத்திலிருந்து வந்தவன்

எல்லோருக்கும் நன்றி. கோவில்பட்டி அண்ணனுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

பையனை நேற்று மத்தியானம் வராந்தாவில் உட்கார வைத்தேன். அட்டை போட்டோம். தலைவலி வகுப்பில்தான் தொடங்குகிறதாம், மத்தியானத்துக்கு மேல். போர்டில் எழுதுவது தெரிகிறதா என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு "பக்கத்துல இருக்கறவன் நோட்டைப் பார்த்து எழுதிடுவேன் ஐயா" என்றான். இன்று காலை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கிட்டப்பார்வை, கூடவே சிலிண்டர் பவரும் இருக்கிறது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஹாஸ்டல் பீஸே பாக்கி, இதுவும் சொன்னால் வீட்டில் திட்டுவார்கள் என்றான். அப்பா கேரளாவில் கட்டட வேலை, பணம் பிந்திப் பிந்தித்தான் வருகிறதாம்.

ஐயா சொன்னபடி "ஜெபத்தில் என்னென்ன வைக்கணும், நீ சொல்லு" என்று கேட்டேன். கண், பரீட்சை என்றான். காத்திருந்தேன். "அம்மா போன் எடுக்கணும்" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் போனிலிருந்து கூப்பிட்டால் அம்மா எடுப்பதே இல்லையாம், சில வாரமாக. அதற்கு மேல் அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுக்காக ஜெபித்தேன். இனி நான் வீட்டுக்குக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் பீஸ் விஷயம் என்று பயந்து எடுக்காமல் விடுவார்களோ என்று தோன்றுகிறது. வார்டனிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற சேப்ளின், பாளை

நல்லது தம்பி. ஆலோசகர் அம்மா கண் என்று சொன்னது சரியாகப் போயிற்று.

நீங்கள் நினைப்பது சரியாகத்தான் இருக்கும். பீஸ் பாக்கி இருக்கிற வீட்டில் ஹாஸ்டல் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டார்கள். மகன் கூப்பிடுகிறானா ஆபீஸ் கூப்பிடுகிறதா என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? உங்கள் சொந்த போனிலிருந்து கூப்பிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். கூப்பிடப் போவதைப் பையனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும், "நான் பள்ளிக்கூடத்து சேப்ளின், பீஸுக்காகக் கூப்பிடலைம்மா" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். அடுத்ததாக அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லுங்கள், பாமாலைக்கு நேர்த்தியாக அட்டை போடுகிறான் என்றாவது சொல்லுங்கள். அப்புறம் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். கண்ணாடி விஷயத்தை அவர்கள் பேசி முடித்த பிறகு, செலவில்லை என்ற சேதியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்படியும் எடுக்காவிட்டால் நேரில் போங்கள். சேகரத்தில் வீடு சந்திப்பு செய்தவர் நீங்கள், இதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வீட்டில் வேறு பிரச்சினை இருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பீஸ் பாக்கிக்கு, ஏழை மாணவர் நிதி என்று உங்கள் பள்ளியில் ஏதாவது இருக்கிறதா என்று எச்.எம்.மிடம் தனியாகக் கேளுங்கள். பையன் பெயரை அசெம்பிளியிலோ சபையிலோ சொல்லிப் பணம் கேட்க வேண்டாம்.

வார்டனை ஒதுக்கிவிடாதீர்கள். அத்தனை பிள்ளைகளை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர், அவருக்கும் அலுப்பு இருக்கும். "டாக்டர் கண்ணுல பவர் இருக்குன்னு சொல்லிட்டார் சார், நீங்க அவனை என்கிட்ட அனுப்பிவச்சது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, ஒவ்வொரு தடவையும் அனுமதி கொடுத்தது அவர்தானே. இனி தலைவலி என்று எந்தப் பையன் வந்தாலும் அவரே கண்ணைப் பற்றிக் கேட்பார்.

கண்ணாடி வர நாளாகும். அதுவரை அவனை முன் பெஞ்சில் உட்கார வைக்க வகுப்பாசிரியரிடம் நாளைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.